குடிக்காதவனுக்கும் ஒரு நாற்காலி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் மதிய உணவுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு அப்புறம் பேச ஆள் கிடைக்காமல்தான் செயலாளர் என்னைப் பிடித்தார். "கனமா எதுவும் வேணாம்ப்பா, ஜாலியா பேசு" என்றார். என்ன தலைப்பு சார் என்று கேட்டேன். "நீ புதுப்பட்டினத்துக்காரன். வடக்கே போனா மாமல்லபுரம், தெற்கே போனா பாண்டிச்சேரி. எந்த பார் நல்ல பார்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? அதைப் பத்திப் பேசு" என்றார். முதல்வர் அவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். (சிரிப்பு)

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் இருக்கிறது. நான் சிவில் படித்தவன். பதினைந்து வருஷமாகக் கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் என்று நாலு பேர் கூடுகிற கட்டடங்களைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். மனுஷன் சேர்ந்து உட்கார்கிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பது என் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. அதனால் இன்று சரக்கைப் பற்றிப் பேசப் போவதில்லை. இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. குடிக்கிறவரைத் திருத்துகிற உபதேசமும் என்னிடம் இல்லை.

குடிக்கும் இடத்தைப் பற்றி மேடையில் பேசுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த மாமல்லன் இருக்கிறாரே, அவருடைய அப்பா முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் சமஸ்கிருதத்தில் எழுதினார. கதை நடப்பது காஞ்சிபுரத்தில். அதில் போதையில் இருக்கும் ஒரு காபாலிகன், கள்ளுக்கடையைப் பார்த்து இது யாகசாலை மாதிரி இருக்கிறது என்று வர்ணிக்கிறான். கடை வாசல் கம்பம் யாகத் தூண், உள்ளே இருப்பது சோமரசம், குடிப்பவர்கள் எல்லாம் புரோகிதர்கள்! நாட்டை ஆண்ட ராஜாவே எழுதியது. கிண்டல்தான். ஆனால் கிண்டல் செய்கிற அளவுக்கு அந்தக் கடைக்கு ஒரு வாசல், ஒரு அமைப்பு, ஊருக்கு நடுவில் ஓர் இடம் இருந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் போனால் ஔவையார். அதியமான் இறந்தபோது அவர் பாடியது புறநானூற்றில் 235ஆவது பாட்டு. பள்ளிக்கூடத்தில் பலரும் படித்திருப்பீர்கள். கள் கொஞ்சமாக இருந்தால் தான் குடிக்காமல் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட, சேர்ந்திருந்து மகிழ்வான் என்று சொல்லி அழுகிறார். அந்த அம்மையாருக்கு ஞாபகம் இருந்தது கள்ளின் ருசி இல்லை. கொடுத்தவன், கூட உட்கார்ந்தவன். என்னைக் கேட்டால் நல்ல பார் என்பதற்குத் தமிழில் முதல் இலக்கணம் அதுதான்.

சரி, "எனக்குப் பிடித்த இடங்கள்" என்று கேட்டார்கள். மூன்று சொல்கிறேன்.

முதல் இடம் எங்கள் ஊரிலேயே இருந்தது. டாஸ்மாக் கடையை ஒட்டி ஒரு பார். மேலே தகரம், கீழே மணல், நடுவில் பெஞ்சு. பார்த்தால் யாரும் நல்ல இடம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு அம்மா சமையல் செய்தாங்க. சுறாப்புட்டு அவங்க கைவண்ணம். பால்சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, தண்ணீர் போகப் பிழிந்து உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தட்டிய பூண்டு, மஞ்சள் போட்டுச் சட்டியில் புரட்டி எடுப்பாங்க. அந்த வாசனைக்கே கூட்டம் வரும். குப்பத்து மீனவர், டவுன்ஷிப்பில் ஒப்பந்த வேலை பார்க்கிற பையன், பக்கத்தில் பேண்ட்டில் சட்டையைச் சொருகிய ஒரு அதிகாரி, எல்லாரும் ஒரே பெஞ்சுதான். அந்த அம்மா இருந்ததால் ஒருத்தர் வாயிலும் கெட்ட வார்த்தை வராது. "வெறும் வயித்துல ஊத்தாத தம்பி, ரெண்டு வாய் சாப்ட்டுட்டுக் குடி" என்பாங்க. கொஞ்சம் அதிகமாகிவிட்டவனுக்கு அதற்குமேல் தொட்டுக்க எதுவும் தரமாட்டாங்க. சோறும் ரசமும் போட்டு, "கெளம்புப்பா, வீட்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்று அனுப்பிவிடுவாங்க. கடை இடம் மாறியபோது அந்த பாரும் போய்விட்டது.

இரண்டாவது, பெங்களூர் செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் கோஷீஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனிக்கிழமை சனிக்கிழமை போவேன். ஒரு மேஜையில் இரண்டு பேர் பீர் வைத்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். அடுத்த மேஜையில் ஒரு பாட்டி பேத்திக்குக் கட்லெட் வாங்கிக்கொடுப்பார். அதற்கடுத்து ஒருத்தர் ஒரே ஒரு காபியோடு ஒரு மணி நேரம் பேப்பர் படிப்பார். யாரும் யாரையும் விரட்டமாட்டார்கள். காபி குடித்தவருக்கும் பீர் குடித்தவருக்கும் ஒரே நாற்காலி, ஒரே மரியாதை.

மூன்றாவது, கேரளத்தில் குட்டநாடு பக்கம் தண்ணீர் ஓரமாக இருக்கும் கள்ளு ஷாப்புகள். அங்கே மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் தாராக்கறியும் சாப்பிடக் குடும்பமாகவே வருகிறார்கள். சாப்பாடுதான் பிரதானம். இன்னொரு விஷயம், கள்ளைச் சேர்த்து வைக்க முடியாது. காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், நேரம் ஆக ஆகப் புளித்துக்கொண்டே போகும். அதனால் மரம் ஏறுகிறவர், கடைக்காரர், குடிக்கிறவர் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியும். முகம் தெரிந்த இடத்தில் மனுஷன் கொஞ்சம் அடக்கமாகத்தான் இருப்பான். நம் பக்கமும் பனைக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே 1987லிருந்து கள்ளுக்குத் தடை. பானையில் சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்கினால் மட்டும் அனுமதி.

இந்த மூன்று இடத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்தது உண்டு. ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை, விலை ஒரே மாதிரி இல்லை. விடை நம் வகுப்பு நண்பர் ஒருவர் மூலமாகக் கிடைத்தது.

பெயர் சொல்ல வேண்டாம். காலேஜில் நம்மோடு எல்லாவற்றிலும் இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லி, வீட்டார் அழுது, ரொம்பக் கஷ்டப்பட்டு நிறுத்தினார். ஒவ்வொரு சந்திப்புக்கும் காலையில் வருவார், போட்டோ எடுக்கும்வரை இருப்பார், சாயங்காலம் ஆனதும் காணாமல் போய்விடுவார். போன தடவை பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய், "ஏன் மச்சான் ஓடுற? குடிக்காம சும்மா உக்காந்திரேன்" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க உக்கார்ற எடத்துல குடிக்காதவனுக்கு நாற்காலியே இல்லடா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இலக்கணம் முழுசாகப் புரிந்தது. நண்பர்களே, ஒரு பார் நல்ல பாரா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். குடிக்காத ஒருவர் அங்கே ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியுமா? அவ்வளவுதான். அவர் உட்கார வேண்டும் என்றால் நல்ல சாப்பாடு வேண்டும். முகம் தெரிகிற வெளிச்சம் வேண்டும். பேசினால் காதில் விழ வேண்டும். சுத்தமான கழிப்பறை வேண்டும். குடிதண்ணீர் காசு கேட்காமல் வர வேண்டும். "உனக்கு ஒண்ணும் வேணாமா?" என்று யாரும் நச்சரிக்கக் கூடாது. இதெல்லாம் குடிக்காதவருக்காகச் செய்வது போலத் தெரியும். உண்மையில் குடிக்கிறவரைக் காப்பாற்றுவதும் இதே பட்டியல்தான்.

எப்படி என்று கேட்டால் ஒரு சின்னக் கணக்கு போடலாம். கால்குலேட்டர் வேண்டாம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம்மில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். பெருக்கினால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் தோராயமாக 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஆக ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டுப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதையே நின்றபடி இருபது நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டால், 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 30 மில்லிகிராம். மூன்று மடங்குக்கு மேல்! அந்த நிலையில்தான் பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைக் கிளப்புகிறோம்.

இங்கே பாட்டிலின் அளவும் ஒரு வேலை செய்கிறது. ஓட்டல் பாரில் ஒரு பெக் என்று கேட்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாம். டாஸ்மாக்கில் பெக் கணக்கு கிடையாது. தனியாகப் போனவன் குவார்ட்டர் வாங்க வேண்டும். வாங்கியதை மிச்சம் வைக்க மனசு வராது, வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. ஆக, எங்கே நிறுத்துவது என்பதை அவன் முடிவு செய்வதில்லை, பாட்டில் முடிவு செய்கிறது. "கட்டிங் வரீங்களாண்ணே?" என்று முன்பின் தெரியாதவரைக் கேட்கிறானே, நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவனாவது அளவைப் பாதியாக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான்.

அடுத்தது சத்தம். தகரக் கூரை, டைல்ஸ் தரை, சுவரில் ஒரு துணிகூட இல்லை. சத்தம் எதிலும் அடங்காமல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். அதோடு பாட்டு வேறு. பேச்சு கேட்காது. பேச முடியாதவன் கைக்கு என்ன வேலை? டம்ளரைத் தூக்குவதுதான். 2008ல் பிரான்சில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பாரில் பாட்டுச் சத்தத்தை 72 டெசிபலிலிருந்து 88க்கு ஏற்றியபோது, அதே அளவு பீரை ஆட்கள் சுமார் மூன்று நிமிஷம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். அதிகமாக ஆர்டர் செய்யவும் செய்தார்கள். கட்டடம் கட்டுகிற நாம் இதையும் யோசிக்க வேண்டாமா?

"அப்படின்னா ஏன் நம்ம பக்கம் நல்ல எடம் ஒண்ணும் வரலை?" என்று கேட்பீர்கள். என் பதில் இது. கட்டடம் நிலைக்கும் என்று தெரிந்தால்தான் ஒருத்தன் செங்கல் வைப்பான். நம் மாநிலச் சரித்திரத்தைப் பாருங்கள். 1937ல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. 1948ல் மாகாணம் முழுக்க. 1971ல் கடை திறந்தது. 1974ல் மூடியது. 1981ல் மறுபடி திறந்தது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987ல் கள்ளும் சாராயமும் போயின. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்ற உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஏப்ரலில் தமிழகத்தில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன, பல இடம் மாறின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம், நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. ஆனால் நாளைக்கு இருக்குமா இருக்காதா என்று தெரியாத தொழிலுக்குத் தகரம்தான் மிஞ்சும். தூணும் வராது, கழிப்பறையும் வராது.

பணம் எப்படி ஓடுகிறது என்பதும் முக்கியம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்று ஒரு நகரம். 1865ல் அங்கே மதுக்கடைகளை ஒரு பொது நிறுவனத்திடம் கொடுத்தார்கள். லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கடையை நடத்துகிறவருக்குச் சாராயத்தில் லாபம் கிடையாது, சாப்பாடு, காபி விற்றால்தான் லாபம். அப்போது அவர் என்ன செய்வார்? சாப்பாட்டைத்தானே முன்னால் நீட்டுவார்! வேடிக்கை என்னவென்றால், காகிதத்தில் பார்த்தால் நம் டாஸ்மாக் பாரும் அதே ஏற்பாடுதான். சரக்கை விற்பது அரசுக் கடை. பார் எடுத்தவருக்குத் தின்பண்டத்தில்தான் வருமானம். ஆனால் இங்கே அந்த உரிமை ஏலத் தொகை அதிகம் கேட்டவருக்குப் போகிறது. அந்தத் தொகையை முதலில் எடுக்க வேண்டும். அப்புறம் அவர் நாற்காலிக்கு எங்கே செலவு செய்வார்? சீக்கிரம் குடித்து சீக்கிரம் எழுந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். ஒரே வடிவமைப்பு, ஒரு ஷரத்து மாறியதும் விளைவு தலைகீழ். நம் பசங்களுக்கு டிசைன் பாடத்தில் இதை ஒரு உதாரணமாகவே வைக்கலாம், சார். (சிரிப்பு)

இந்தத் தகரக் கொட்டகைகூடக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால். அதைக் குடித்தால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண் பார்வையைத்தான் வாங்கும். அடுத்த வருஷமே கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். காசு இல்லாததும், பக்கத்திலேயே மறைவாகக் கிடைத்ததும் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மறைவில் குடிக்கிறவன் பக்கத்தில் "டேய், இது வேற மாதிரி இருக்கு, வேணாம்" என்று சொல்லத் தெளிவான ஒருத்தர் இருக்கமாட்டார். குடிக்காதவருக்கு இடமில்லாத இடம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட என்ன சொல்வது?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். எங்கள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை நம் சாயங்காலக் கூட்டத்துக்கு வந்ததில்லை. கூப்பிட்டதும் இல்லை. குடிக்காத ஆண்களையும், நிறுத்திவிட்ட நண்பர்களையும் சேர்த்தால் பாதி வகுப்புக்கு மேல் வெளியே நிற்கிறது. பழைய மாணவர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு பாதிப் பேரோடு மட்டும் பழைய கதை பேசினால் கதையும் பாதிதான் இருக்கும்.

பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் தனக்குப் பிடித்த மதுக்கடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமைதியாகப் பேச முடியும், வேலை செய்கிறவர்களுக்கு வாடிக்கையாளர் பெயர் தெரியும், பின்னால் குழந்தைகள் விளையாடத் தோட்டம் உண்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "அப்படி ஒரு கடையே கிடையாது" என்று போட்டு உடைத்துவிட்டார்! அவர் கேட்டதும் பெரும்பாலும் குடிக்காதவருக்கும் சேர்த்துத்தான், கவனித்தீர்களா?

நமக்கு அவ்வளவு பெரிய கனவு வேண்டாம். இன்று சாயங்காலம் ஒரே ஒரு வேளைக்கு அந்த மாதிரி ஓர் இடத்தைச் செய்து பார்க்கலாம். செயலாளர் கடற்கரையோரம் இடம் பிடித்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, சாப்பாடு ஆறரை மணிக்கே வரும், கடைசியில் இல்லை. சுறாப்புட்டும் உண்டு. இரண்டு, பன்னீர் சோடா, இளநீர், மோர் எல்லாம் அதே மேஜையில், அதே மாதிரி கண்ணாடி டம்ளரில் இருக்கும். யார் கையில் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. மூன்று, எட்டரை மணிவரை ஸ்பீக்கர் கிடையாது, பேச்சு மட்டும்தான். அதற்கப்புறம் பாட வருகிறவர்கள் நேரில் பாடலாம். நான்கு, நாற்காலி வட்டமாகப் போட்டிருக்கும், குடும்பத்தோடு வாருங்கள். ஐந்து, குடிக்கிறவர்கள் வண்டிச் சாவியை வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட வேண்டும். செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் வேன் சொல்லியிருக்கிறது. காலையில் வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம். "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன் மாப்ள" என்பவரிடம் மேலே சொன்ன 60 கிராம் கணக்கை ஒப்பித்துக் காட்டச் சொல்லுங்கள். (சிரிப்பு, கைதட்டல்)

அந்த நண்பரும் இன்று வந்திருக்கிறார், எங்கோ பின்வரிசையில்தான் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சாயங்காலம் அவர் இருப்பதும் கிளம்புவதும் அவர் இஷ்டம். நாற்காலி போட்டு வைப்பது நம் வேலை.